மனசுக்கு மருந்து எடுத்தவர்கள் சொல்வதும் சொல்லாததும்

பதுளைக்குப் போகும் காலை பஸ்ஸில் ஏறினால் யாருக்கு என்ன வருத்தம் என்று தெரிந்துவிடும். "சீனி கிளினிக்", "பிரஷர் கிளினிக்" என்று ஒருவருக்கொருவர் சத்தமாகவே சொல்லிக்கொள்வார்கள். என் சாச்சியும் மாதம் ஒருமுறை அதே பஸ்ஸில்தான் போவார். யாராவது கேட்டால், "கண் கிளினிக்" என்பார். சாச்சிக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. அவர் போவது மனநல வைத்தியரிடம்.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு சாச்சிக்கு நித்திரை இல்லாமல் போனது. பிள்ளை அழுதாலும் தூக்க மாட்டார். சுவரைப் பார்த்தபடியே இருப்பார். சிலர் சோம்பல் என்றார்கள், சிலர் கண்ணூறு என்றார்கள், சிலர் ஜின் பார்வை என்றார்கள். தண்ணீர் ஓதிக் கொடுத்தோம். கடைசியில், ஓதிக் கொடுத்த ஹஸ்ரத்தே, "ஓதுறத நான் ஓதுறேன், நீங்க டொக்டர்கிட்டயும் காட்டுங்க" என்று சொன்னார். மருந்து தொடங்கி மூன்று மாதத்தில், அல்ஹம்துலில்லாஹ், சாச்சி பிள்ளையை மடியில் வைத்துச் சிரித்தார். இது எங்கள் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

வாப்பாவின் கடை இருக்கும் சந்திக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. அங்கே கொழுந்து எடுக்கும் ஓர் அக்காவும் ஒருமுறை மனநல வைத்தியரிடம் போனார். மறுமுறை போகவில்லை. "ஒன்னும் கேக்கல, குளிச தந்தாங்க. குடிச்சா தூக்கந்தான் வருது, மலையில நிக்க முடியல" என்று கடையில் நின்று சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நம்பினார்கள்.

குணம் கண்டவர் மறைக்கிறார், மனம் நொந்தவர் சொல்கிறார். ஆகவே எமது ஊர்களில் மனநல வைத்தியரைப் பற்றி உலவுவது பாதிக் கதைதான். நல்ல அனுபவம், கெட்ட அனுபவம் இரண்டையும் நாம் முழுதாகப் பேச வேண்டும் என்பதே என் கருத்து.

அந்த அக்காவின் கதையிலும் ஒரு பாதி மறைந்திருந்தது. அன்று அவருடன் போனவள் அவருடைய மகள். அப்போது அவள் ஏழாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தாள். வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்த சிங்களம் சந்தையில் சாமான் வாங்க மட்டும்தான் போதும். எனவே மகள்தான் மொழிபெயர்த்தாள். "எப்பப் பாத்தாலும் செத்துப் போயிடலாம்னு தோணுதுன்னு சொல்லு" என்றார் அம்மா. பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதை முதன்முதலாகக் கேட்டது அந்த அறையில்தான். அவளுக்குச் சிங்களச் சொல் தெரியாமல் இல்லை, சொல்ல வாய் வரவில்லை. "தலைவலி, நித்திரை இல்லை" என்று மட்டும் சொன்னாள். வைத்தியர் தமக்குச் சொல்லப்பட்டதற்கு மருந்து எழுதினார்.

மூன்று வருடம் கழித்து அவளே இதை என்னிடம் சொன்னாள். "நான் அன்னிக்குச் சரியா சொல்லியிருந்தா…" என்று அழுதாள். அவளும் அவள் அம்மாவும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன்.

பிழை அந்தப் பிள்ளையுடையதா? 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. தமிழ் பெயர்ப்பலகையில் இருந்தால் மட்டும் போதாது, நோயாளி தன் துக்கத்தைச் சொல்லும் அறையிலும் இருக்க வேண்டும். உடைந்த காலை எக்ஸ்ரே காட்டும். உடைந்த மனதைக் காட்ட நோயாளியின் வாய்ச்சொல்லை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

மருந்தின் இயல்பையும் நாம் அறிந்திருக்க வேண்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் குளிசைகளின் பலன் தெரியப் பொதுவாக இரண்டு முதல் ஆறு கிழமை செல்லும். ஆனால் வாய் உலர்தல், குமட்டல், தூக்கக் கலக்கம் போன்ற தொல்லைகள் முதல் நாட்களிலேயே வந்துவிடும். இரண்டாம் கிழமையில் நிறுத்தியவர் தொல்லையை மட்டுமே கண்டிருப்பார். தொடர்ந்து எடுத்தவர் பலனையும் கண்டிருப்பார். ஒரே மருந்தைப் பற்றி இருவர் இரு விதமாகப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்காக முறைப்பாடு சொல்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் கூறவில்லை. சில மருந்துகளால் கை நடுங்கும், உடம்பு விறைக்கும், எடை கூடும். அவற்றை வைத்தியரிடம் சொன்னால் அளவைக் குறைக்கலாம், மருந்தையே மாற்றலாம். சொல்லாமல் நாமாகத் திடீரென்று நிறுத்துவதுதான் ஆபத்து. "முதலில் இப்படி இருக்கும், பயப்படாதீர்கள்" என்று வைத்தியரும் இரண்டு வார்த்தை சொல்லலாமே. தோட்டத்துப் பெண்ணுக்கு ஒரு கிளினிக் நாள் என்றால் ஒரு நாள் பேர் இல்லாமல் போகிறது. அப்படி வந்தவரை ஐந்து நிமிடத்தில் அனுப்பினால், அடுத்த மாதம் அவர் ஏன் வருவார்?

பெரியவர்களின் பயத்துக்கும் காரணம் உண்டு. 1873இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த சட்டம் மனநோயாளியைப் பைத்தியக்காரர் என்றுதான் அழைத்தது. 1920களில் எழுந்த அங்கொடை ஆஸ்பத்திரிக்குத் தூர இடங்களிலிருந்தெல்லாம் நோயாளிகள் அனுப்பப்பட்டார்கள். அங்கே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காத குடும்பங்களும் இருந்தன. அதனால்தான் "அங்கொடைக்குத்தான் அனுப்பணும்" என்பது இன்றும் ஏச்சாக இருக்கிறது. தற்கொலைக்கு முயல்வது 1998 வரை இந்நாட்டில் தண்டனைக்குரிய குற்றமாகவும் இருந்தது. சட்டம் மாறிவிட்டது, பொலிஸ் வரும் என்ற பயம் இன்னும் சிலருக்குப் போகவில்லை. 2005இல் அரசு ஏற்றுக்கொண்ட தேசிய மனநலக் கொள்கை, சிகிச்சையை நோயாளியின் வீட்டுக்கு அருகில் கொண்டுவர வேண்டும் என்றது. இன்று பதுளையிலேயே மனநலக் கிளினிக் இருக்கிறது. காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம்.

இது மார்க்கத்துக்குப் புறம்பானது என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அபூ ஸைத் அல்-பல்கி என்ற அறிஞர், உடலின் நலனையும் உள்ளத்தின் நலனையும் சேர்த்து ஒரே நூலில் எழுதினார். காரணம் தெரிந்து வரும் கவலை வேறு, காரணமே இல்லாமல் உடலிலிருந்து எழும் கவலை வேறு என்று பிரித்துக் காட்டினார். பக்தாதிலும் கெய்ரோவிலும் இருந்த பழைய மருத்துவமனைகளில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது. நோயைத் தந்தவன் அதற்கு மருந்தையும் தந்திருக்கிறான் என்று சிறு வயதிலேயே நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

"பொம்பளப் புள்ள, நாளைக்குக் கலியாணம் பேச வேணாமா?" என்று உம்மாமார் கேட்பது எனக்கும் கேட்கிறது. ஆனால் மறைத்த நோய் கலியாண வீட்டுக்கும் கூடவே போகும். மருந்தில்லாமல் போனால் இன்னும் மோசமாகப் போகும்.

ஆகவே பெற்றோரிடம் என் வேண்டுகோள் இவ்வளவுதான். பெற்றவரின் மனக் காயத்தை மொழிபெயர்க்கப் பிள்ளையை அழைத்துச் செல்லாதீர்கள். இரு மொழியும் தெரிந்த பெரியவர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். சொல்ல வேண்டியதை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். இந்த மருந்து எதற்கு, எப்போது பலன் தெரியும், என்ன தொல்லை வரலாம் என்று மூன்று கேள்வி கேளுங்கள். ஒரு வைத்தியரிடம் மனம் ஒட்டவில்லையென்றால் இன்னொருவரைப் பாருங்கள். தோழிகளே, உங்களுக்கு மனம் தாங்கவில்லையென்றால் நம்பிக்கையான ஆசிரியையிடம் சொல்லுங்கள், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.

தோழி அழுத அன்று இரவு சாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாச்சி ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு கடைக்கு வந்து, அந்த அக்கா வரும்வரை காத்திருந்தார். "நான் கண் கிளினிக் போறதில்ல தங்கச்சி, நானும் நீ போன மாதிரி டொக்டர்கிட்டதான் போறேன். எனக்குச் சிங்களம் நல்லா வரும், அடுத்த மாசம் ரெண்டு பேரும் போவோம்" என்றார்.

இப்போது இருவரும் ஒரே பஸ்ஸில் போகிறார்கள். அக்காவுக்கு முழுதாகக் குணமாகவில்லை. இரண்டாவது முறை மருந்தை மாற்றித்தான் கொடுத்தார்கள். ஆனால் இரவில் தூங்குகிறார், மகளிடம் பேசுகிறார். மற்றவர்கள் கேட்டால் சாச்சி இன்னும் "கண் கிளினிக்" என்றுதான் சொல்கிறார். அவருக்காகவே இக்கட்டுரையில் என் பெயரைப் போடவில்லை. இன்ஷா அல்லாஹ், பெயரோடு எழுதும் காலமும் வரும்.

– உயர்தரக் கலைப்பிரிவு மாணவி