நோட்டோ செட் போட்ட ஊர் அல்ல

சிசிலித் தீவின் தென்கிழக்கு மூலையில் உள்ள நோட்டோ நகரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்கிறார்கள். தேன் நிறக் கல், அகன்ற படிக்கட்டு, வளைந்து நெளியும் கோயில் முகப்பு, சிங்கமும் கடற்கன்னியும் தாங்கும் பால்கனி என்று எல்லாம் கண்ணுக்கு விருந்தாம். ஆனால் உள்ளே சரக்கு இல்லையாம், சினிமாவுக்கு செட் போட்ட மாதிரியாம். நிலநடுக்கத்தில் அழிந்த ஊருக்குப் பதிலாக ஆட்சியாளர்கள் ஒரே மூச்சில் கட்டிக்கொடுத்த அலங்காரம், ரோமில் பிறந்த பரோக் பாணியின் நாட்டுப்புற நகல் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். பழிக்கிறவர்கள் மட்டுமல்ல, பாராட்டுகிறவர்களும் இதையே சொல்வதுதான் வருத்தம். இந்தத் தீர்ப்பு அந்த ஊரின் வரலாற்றோடு ஒத்துப்போகவில்லை.

முதலில் அந்த "ஒரே மூச்சு". 1693 ஜனவரி 11 அன்று வந்த நிலநடுக்கம் தென்கிழக்குச் சிசிலியில் ஏறத்தாழ 60,000 பேரைப் பலிகொண்டது. அல்வேரியா மலைமேல் இருந்த பழைய நோட்டோ தரைமட்டமானது. தீவை ஆண்ட ஸ்பானிய அரசப் பிரதிநிதி, மறுகட்டுமானப் பொறுப்பைக் காமாஸ்த்ரா கோமகன் ஜுசெப்பே லான்சாவிடம் ஒப்படைத்தார். சில கிலோமீட்டர் தள்ளி, கடல் பக்கமாக இறங்கும் ஒரு சரிவில் புது ஊருக்கு இடம் குறித்தார்கள். அதுவரை கதை சரி. ஆனால் உயிர் தப்பிய மக்களில் பலருக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. பழைய மலைக்கே திரும்ப வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் மல்லுக்கு நின்றார்கள். நகர அமைப்பிலும் ஒருவருடைய கை மட்டும் இல்லை. இயேசு சபைக் கட்டடக் கலைஞர் ஆஞ்செலோ இத்தாலியா, உள்ளூர்ப் பிரபு ஜொவான்னி பத்திஸ்தா லந்தோலினா என்று பலர் அதில் ஈடுபட்டார்கள்.

வேலை எப்போது முடிந்தது என்று பாருங்கள். சான் நிக்கோலோ ஆலயம் நிறைவடைந்தது 1776இல். அதாவது நிலநடுக்கத்தில் உயிர் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளே கிழவர்களான பிறகு. அதற்கு எதிரே நிற்கும் நகர மண்டபமான துச்செசியோ மாளிகையைக் கட்டடக் கலைஞர் வின்சென்சோ சினாத்ரா தொடங்கியது 1746இல். தூண் வரிசையோடு ஒரே தளமாகத்தான் அவர் அதைக் கட்டினார். மேல்மாடி 20ஆம் நூற்றாண்டில் ஏற்றியது. ஊர் வாசலான போர்த்தா ரெயாலே 1838இல் எழுந்தது. 19ஆம் நூற்றாண்டில் பிரதான வீதியைத் தாழ்த்தி வெட்டினார்கள். அதனால் சாந்தா கியாரா கோயிலின் வீதிப்பக்க வாசல் எட்டாத உயரத்தில் நின்றுபோனது. "18ஆம் நூற்றாண்டு அப்படியே உறைந்து நிற்கிறது" என்று விளக்கம் எழுதும் படங்களில் இத்தனை காலத்தின் கைவேலையும் இருக்கிறது.

வேரில்லாத ஊர் என்பதும் பொய். மேட்டுப் பகுதியில், எளிய மக்களின் வீடுகளுக்கு நடுவே, சாந்திசிமோ குரோச்சிஃபிஸ்ஸோ கோயில் இருக்கிறது. அங்கே பிரான்செஸ்கோ லௌரானா 1471இல் செதுக்கிய பளிங்கு மாதா இருக்கிறாள். பழைய நோட்டோவின் இடிபாட்டிலிருந்து மீட்டுக் கொண்டுவந்த சிலை அது. சிற்பத்தில் ஈடுபாடு உள்ள எவரும் அந்த மேட்டில் ஏறாமல் திரும்பக் கூடாது.

அடுத்து, அலங்காரம் வெறும் ஒட்டுவேலை என்ற குற்றச்சாட்டு. நிக்கோலாச்சி மாளிகையின் பால்கனிகளுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். சிங்கம், சிறகு முளைத்த குதிரை, கடற்கன்னி, குழந்தை என்று செதுக்கியிருக்கும் ஒவ்வொரு உருவமும் சுவருக்குள் ஆழமாகப் பதிந்த தாங்குகல். பால்கனிப் பலகையின் கனம் முழுக்க அவற்றின் முதுகில்தான். உருவத்தை எடுத்துவிட்டால் பால்கனி கீழே வரும். இந்த வட்டாரச் சுண்ணாம்புக்கல் பாறையிலிருந்து வெட்டும்போது மென்மையாக இருக்கும், காற்றுப் பட்டபின் இறுகும். உளிக்கு இவ்வளவு இணங்கும் கல் கையில் இருக்கும்போது, பாரம் தாங்கும் உறுப்பையே சிற்பமாக்கிவிடலாம் என்று சிற்பிகள் கண்டுகொண்டார்கள். இந்த மாளிகைக்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதும் மர்மமில்லை. நிக்கோலாச்சி குடும்பம் மர்சமெமியில் சூரை மீன்பிடித் துறையை வைத்திருந்தது.

வீதி அமைப்பும் காட்சிக்காக மட்டும் வந்ததல்ல. நேர் வீதிகளும் ஒன்றையடுத்து ஒன்றாக வரும் திறந்த சதுக்கங்களும், குறுகிய சந்துகளில் சுவர் சரிந்து ஜனங்கள் நசுங்கிய நினைவு ஆறாத காலத்தில் வந்தவை. நிலம் மறுபடி ஆடினால் ஓடி நிற்க வெளி வேண்டும் என்பது அன்றைய திட்டங்களில் இருந்த அக்கறை.

திருச்சபையின் பெருமிதமே இந்த ஊர் என்போருக்கு அந்த நடுச் சதுக்கமே பதில். சான் நிக்கோலோ கோயிலும் நகர மண்டபமும் அங்கே நேருக்கு நேர் நிற்கின்றன. கட்டிய காலத்தில் அந்தக் கோயில் பேராலயமும் அல்ல. நோட்டோவுக்கு ஆயர் வந்ததே 1844இல்தான்.

ரோமின் நகல் என்பதை நான் கொஞ்சமும் ஏற்க மாட்டேன். சான் தொமேனிக்கோ கோயிலின் முன்னோக்கிப் புடைத்த முகப்பை அமைத்த ரொசாரியோ கல்யார்தி, தென்கிழக்குச் சிசிலியிலேயே தொழில் செய்தவர். அவர் கண்டுபிடிப்பின் வலிமை தெரிய வேண்டுமானால் அதே வட்டாரத்து ரகூசா இப்லாவின் சான் ஜோர்ஜோ கோயிலைப் பார்க்க வேண்டும். மணிக்கூண்டைத் தனியே நிறுத்தாமல் முகப்பின் நடுவிலேயே மூன்று அடுக்காக எழுப்பி, முகப்பும் கோபுரமும் ஒன்றாக ஆக்கிவிட்டார். ரோமில் இப்படி ஒரு முகப்புக்கு முன்மாதிரி தேடினால் கிடைக்காது. 2002இல் யுனெஸ்கோ நோட்டோ உட்பட இந்த வட்டாரத்தின் 8 ஊர்களைச் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது.

எதிர்த்தரப்பின் பெரிய ஆயுதம் 1996. அந்த ஆண்டு மார்ச் 13 இரவு பேராலயத்தின் குவிமாடமும் நடுக்கூடத்தின் கூரையும் வலப்பக்கச் சிறகும் இடிந்து விழுந்தன. உள்ளே யாரும் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. "பார்த்தீர்களா, முகப்புக்குப் பின்னால் ஒன்றுமில்லை" என்றார்கள்.

என்ன விழுந்தது, ஏன் விழுந்தது என்று கேட்க வேண்டாமா? வலப்பக்கத் தூண்கள் நொறுங்கின. வெளியே செதுக்கிய கல்லுறை, உள்ளே உருண்டைக் கூழாங்கல்லும் வலுவில்லாத சாந்தும். கட்டியவர்களின் குறை அது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தூண்கள் 200 ஆண்டுகள் பாரம் சுமந்தன. 1848 நிலநடுக்கத்தில் குவிமாடம் போய், திரும்பக் கட்டியதையும் தாங்கின. 1950களில் பழைய கூரையை எடுத்துவிட்டு கான்கிரீட் கூரை போட்டு அவற்றின் தலையில் புதுக் கனத்தை ஏற்றினார்கள். 1990 டிசம்பரில் மறுபடி நிலம் ஆடியபோது விரிசல் விட்டது. அதற்குப் பிறகு கிடைத்த 5 ஆண்டுகளில் செய்ய வேண்டியதை யாரும் செய்து முடிக்கவில்லை. செட் என்று இகழப்பட்ட முகப்போ, இரு பக்கக் கோபுரங்களோடு அன்றிரவும் நின்றது.

இடிபாட்டை அள்ளியபோது கல்லைக் கல்லாகப் பிரித்துக் கணக்கெடுத்தார்கள். நின்றுகொண்டிருந்த இடப்பக்கத் தூண்களையும் சோதித்தார்கள். அவற்றுக்குள்ளும் அதே கூழாங்கல். அவற்றையும் பிரித்து, கான்கிரீட்டை நாடாமல், சுண்ணாம்புக்கல்லில் முழுத் தூண்களாக எழுப்பினார்கள். 2007 ஜூனில் பேராலயம் மறுபடி திறந்தது.