முதலில் காம்பஸை மாற்றுங்கள், பெரிய திரையை அப்புறம் பார்க்கலாம்

கொஞ்சம் நீளமான பதிவு. கடலுக்குப் போகும் வீடுகளில் உள்ளவர்கள் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள், தெரிந்த ஒருவருக்காவது அனுப்பி வையுங்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் நம் தொண்டிப் பக்கம் பாய் வள்ளம் வைத்திருப்பவர்கள் தேய்ந்துபோன சாமான்களை மாற்றுகிற நேரம் இது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் சிலர், "அப்பா வள்ளத்துக்குப் பெரிய திரை வச்ச ஜிபிஎஸ் வாங்கி அனுப்பட்டுமா சார்?" என்று கேட்கிறார்கள். ஊரில் இருக்கும் தம்பிகள் சிலரோ, "எல்லாம் போன்லயே இருக்கு சார், அந்தப் பழைய காம்பஸ் எதுக்கு?" என்கிறார்கள். இரண்டு பேருக்கும் என் பதில் ஒன்றுதான். முதல் செலவு நல்ல காம்பஸுக்கு. இரண்டாவது, கையில் பிடிக்கிற, தண்ணீர் புகாத ஜிபிஎஸ். பெரிய திரை கடைசியில்.

காரணம் எளிது. சின்னப் பாய் வள்ளத்தில் இருப்பது ஒரே ஒரு பேட்டரி. விளக்கும் அதில், திரையும் அதில், போன் சார்ஜும் அதில். உப்புக் காற்று ஒயரின் முனையை அரித்துவிட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்துவிடும். காம்பஸுக்கு மின்சாரமே வேண்டாம். வானம் மூடி, கரை விளக்கு தெரியாத இரவில் மேற்கு எது என்று சொல்ல அது ஒன்றுதான் மிஞ்சும்.

அதற்காகப் பழைய காம்பஸைப் பூஜைப் பொருள் போல வைத்திருக்கச் சொல்லவில்லை. கெட்ட காம்பஸ், காம்பஸே இல்லாததைவிட ஆபத்து. உள்ளே இருக்கும் திரவத்தில் பெரிய குமிழி வந்திருந்தால், எண்கள் வெளுத்திருந்தால், கண்ணாடியில் கீறல் இருந்தால் மாற்ற வேண்டும். வெளியே தெரியாத குறையைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை சொல்கிறேன். வள்ளம் கரையில் அசையாமல் இருக்கும்போது காம்பஸ் காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு இரும்புச் சாமானைப் பக்கத்தில் கொண்டுபோய்த் தட்டைக் கொஞ்சம் திருப்பிவிட்டு, இரும்பைத் தூர எடுத்துவிடுங்கள். தட்டு தடையில்லாமல் சுழன்று பழைய எண்ணுக்கே வர வேண்டும். வழியில் ஒட்டிக்கொண்டு வேறு எண்ணில் நின்றால், அதைத் தாங்கும் ஊசிமுனை தேய்ந்துவிட்டது என்று பொருள்.

"ஐந்தாறு டிகிரி தப்பினால் என்ன சார்?" என்று கேட்பீர்கள். வகுப்பில் போட்ட கணக்குதான். 60 கடல் மைல் ஓடும்போது 1 டிகிரி தப்பினால், ஏறத்தாழ 1 கடல் மைல் விலகிப் போவோம். 6 டிகிரி தப்பினால் 10 மைலிலேயே அந்த 1 மைல் வந்துவிடும். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். 1974-லும் 1976-லும் போட்ட ஒப்பந்தங்களின் எல்லைக்கோடு ஓடுகிற கடல் நம்முடையது. அங்கே வேலியும் இல்லை, கல்லும் இல்லை. இந்தப் பக்கம் இருக்கிறோமா அந்தப் பக்கமா என்பது ஒரு குடும்பத்துக்கு எத்தனை மாதக் கண்ணீர் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் ஜிபிஎஸ்ஸும் வேண்டும் என்கிறேன். காம்பஸ் எந்தத் திசையில் போகிறோம் என்று மட்டும் சொல்லும். எங்கே நிற்கிறோம் என்று ஜிபிஎஸ்தான் சொல்லும். நீரோட்டம் வள்ளத்தைப் பக்கவாட்டில் தள்ளுவது காம்பஸுக்குத் தெரியாது.

பழைய ஜிபிஎஸ் தப்பான தேதி காட்டுகிறது என்று சிலர் சொல்கிறார்கள். அதற்கும் காரணம் உண்டு. ஜிபிஎஸ் முறையில் வாரங்களை 1024 வரை எண்ணி, மறுபடி சுழியத்திலிருந்து தொடங்குவார்கள். 2019 ஏப்ரல் 6-ஆம் தேதி இரவு அப்படித் திரும்பியது. மென்பொருள் புதுப்பிக்காத பழைய கருவிகள் சில அதில் குழம்பிவிட்டன. தேதியே குழம்பிய கருவியை நம்பிக் கடலுக்குப் போக வேண்டாம்.

புதிது வாங்கியதும் பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அப்பா இருபது வருடம் அலைந்து சேர்த்த பார்களும், வலை கிழிக்கும் இடங்களும் அதற்குள்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதும்போது ஒன்று கவனியுங்கள். 9 டிகிரி 45.50 நிமிடம் என்றால் 45 நிமிடம் 30 விநாடி. அதை 45 நிமிடம் 50 விநாடி என்று புதுக் கருவியில் ஏற்றினால் 20 விநாடி வித்தியாசம், அதாவது 600 மீட்டருக்கு மேல். இரண்டு கருவியும் ஒரே முறையில் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள்.

இனி போன். டவர் இல்லாவிட்டாலும் போன் இருக்கும் இடத்தைக் காட்டும், உண்மைதான். ஆனால் வரைபடத்தைக் கரையிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும். ஈரக் கையில் திரை வேலை செய்யாது, உச்சி வெயிலில் எழுத்து தெரியாது. போனில் இருக்கும் திசைகாட்டி பக்கத்தில் காந்தம் இருந்தால் குழம்பும். அதே காரணத்தால் போனையும் ஸ்பீக்கரையும் வள்ளத்துக் காம்பஸிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர் நல்லதுதான். ஆனால் பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். பாகத்துக்கு ஒரு முடிச்சு போட்ட கயிறும் ஈயக் குண்டும் இங்கே நன்றாகவே வேலை செய்யும். காசு மிஞ்சினால் சவுண்டர் வாங்கலாம். கயிறு எப்போதும் இருக்கட்டும்.

இது கிழவன் பேச்சு என்று நினைத்தால் ஒரு செய்தி சொல்கிறேன். நம் கடற்படையில் இருந்த அபிலாஷ் டோமி, 2022 செப்டம்பரில் தொடங்கிய கோல்டன் குளோப் போட்டியில் தனியாகப் பாய்மரப் படகில் உலகைச் சுற்றி, 236 நாளில் இரண்டாவதாக வந்தார். அந்தப் போட்டியில் ஜிபிஎஸ் பார்த்து வழி கண்டுபிடிக்கக் கூடாது என்பது விதி. காம்பஸ், சூரியனை அளக்கும் செக்ஸ்டன்ட், காகித வரைபடம், கணக்கு, இவைதான் துணை. உலகையே சுற்ற உதவியது நம் 10 மைலுக்கு உதவாதா?

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, அப்பாவுக்கு அனுப்பும் பெட்டியில் காம்பஸும், ஜிபிஎஸ்ஸுக்கு மாற்று பேட்டரிக் கட்டைகளும் முதலில் இருக்கட்டும். ஊரில் இருக்கும் தம்பிகளே, இந்த வாரம் நான் சொன்ன இரும்புச் சோதனையைச் செய்து பாருங்கள். தட்டு எந்த எண்ணில் நின்றது என்று கீழே எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன். பத்திரமாகப் போய், பத்திரமாகக் கரை திரும்புங்கள்.