வண்டிக்கும் மரணப் பதிவு வேண்டும்

2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியது. ரெயின்போ நகரில் என் தங்கை வீட்டு வாசலில் நின்ற 2011ஆம் வருட மாருதி கார் சீட் வரை முழுகிப் போனது. சர்வேயர் 'டோட்டல் லாஸ்' என்று எழுதினார். "இன்ஜினை ஸ்டார்ட் கூடப் பண்ணலையே, எப்படி லாஸ்?" என்று மச்சானுக்குக் கோபம். தங்கைக்கோ வண்டியை விட மனசில்லை.

நான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன்.

பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பில் (ஐ.டி.வி.) 75 சதவீதத்தை ரிப்பேர் செலவு தாண்டினால் டோட்டல் லாஸ். அந்த வண்டியின் ஐ.டி.வி. 1,20,000 ரூபாய். ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் 1,05,000. 90,000-ஐத் தாண்டிவிட்டதே!

வண்டியை விட்டுவிட்டால் கட்டாயப் பிடித்தம் 1,000 போக 1,19,000 கிடைக்கும். நாமே வைத்துக்கொண்டால் உடைசலின் விலை 35,000-ஐயும் கழித்து 84,000 தருவார்கள். "கையிலிருந்து 21,000 தானே போட வேண்டும்" என்றார் மச்சான். அப்படிப் பார்க்கக் கூடாது. விட்டுக்கொடுத்த 35,000, ரிப்பேர் 1,05,000, ஆக 1,40,000 கொடுத்து, வெள்ளத்தில் ஊறிய 13 வருட வண்டியை வாங்குகிறோம். முழுகுவதற்கு முன்பே அதன் மதிப்பு 1,20,000 தான்! அந்த பாலிசியும் இதோடு முடிந்தது. 15 வருடம் ஆனதும் ஆர்.சி.யைப் புதுப்பிக்கும் செலவு வேறு.

பழைய வண்டி எல்லாவற்றையும் தலை முழுகச் சொல்லவில்லை. கதவும் பம்பரும் நசுங்கி, சேஸிஸ் நேராக இருந்து, நம்பகமான மெக்கானிக்கும் இருந்தால் வைத்துக்கொள்ளலாம். நசுங்கல் கண்ணுக்குத் தெரியும். வெள்ளம் தெரியாது. வயரிங்கில் புகுந்த ஈரம் ஆறு மாதம் கழித்து நடுரோட்டில் வேலையைக் காட்டும்.

மச்சான் வண்டியை விட்டுவிட்டார். ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஆர்.சி. பற்றி. பலர் பணம் வந்ததும் காயலான் கடைக்காரரிடம் ஆர்.சி.யையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு மறந்துபோகிறார்கள். அந்த ஆர்.சி.யையும் சேஸிஸ் நம்பரையும் திருட்டு வண்டிக்கு மாட்டி ஓட்டுகிற கும்பல்கள் உண்டு. போலீஸ் தேடி வருவது பதிவேட்டில் பெயர் இருப்பவரைத்தான். இறந்தவர் பெயரை ரேஷன் கார்டில் நீக்காவிட்டால் அவர் பங்கு அரிசியை வேறு யாரோ வாங்குவது போல.

நாங்கள் பள்ளியில் பிரெஞ்சில் படித்தவர்கள். கரை ஒதுங்கிய கப்பல் உடைசலுக்கும், உருப்படாத காருக்கும் அந்த மொழியில் ஒரே சொல்: 'எபாவ்'. பிரான்சில் அத்தகைய காரை உரிமையாளரே வைத்துக்கொண்டால், முறையாக ரிப்பேர் ஆனதென்று நிபுணர் சான்று தரும்வரை பெயர் மாற்ற விடமாட்டார்கள். நம் சட்டத்திலும் வழி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 55ஆம் பிரிவின்படி, இனி ஓடவே முடியாத வண்டியைப் பற்றி 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ரத்து செய்ய வேண்டும்.

ரிப்பேர் செய்து ஓட்டப்போகிறவருக்கு விற்றால் பெயர் மாற்றம் முடிந்த பிறகே சாவியைக் கொடுங்கள். உடைக்கப் போகிறதென்றால் ரத்து உத்தரவின் நகலைப் பத்திரமாக வையுங்கள். பணம் வந்ததோடு கோப்பை மூடிவிடாதீர்கள்.