தெரிஞ்சவங்க நம்பர்ல இருந்துதானே வந்துச்சு..? வாட்ஸ்அப்பில் சுத்தும் 'கல்யாணப் பத்திரிகை' வலை!

காலை 8 மணி. ஊரப்பாக்கம் ஸ்டேஷன்ல பீச் போற ரயிலுக்கு நிக்கிறீங்கனு வெச்சுக்குவோம். அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ். அனுப்பினது மூணாவது மாடி அங்கிள். 'கல்யாணப் பத்திரிகை'னு ஒரு ஃபைல். 'அட, அவர் பொண்ணுக்குக் கல்யாணமா!'னு ரயில் வர்றதுக்குள்ள தட்டிடுவீங்க. ஆனா, தன் நம்பர்ல இருந்து இப்படி ஒரு மெசேஜ் போனதே அங்கிளுக்குத் தெரியாது.

கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் சலான், பேங்க் கே.ஒய்.சி... இப்படிப் பல பெயர்களில் இந்த ஃபைல்கள் இந்தியா முழுக்கச் சுற்றுகின்றன. பெயர் எதுவானாலும் கடைசியில் '.ஏ.பி.கே' என்று இருக்கும். அதாவது, அது பத்திரிகை இல்லை. உங்கள் போனில் ஏறப்போகும் ஒரு ஆப்.

டெக்னாலஜி புதுசு. ஆனா, ட்ரிக்குக்கு வயசு 25-க்கு மேல!

2000-ம் ஆண்டு மே 4. பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய ஒரு இமெயில் உலகத்தையே ஒரு கலக்கு கலக்கியது. சப்ஜெக்ட், 'ஐ லவ் யூ'. கூடவே 'உனக்கான காதல் கடிதம்' என்ற பெயரில் ஓர் அட்டாச்மென்ட். பார்க்க சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் மாதிரி '.டி.எக்ஸ்.டி' என்று முடியும். அதற்குப் பின்னால் '.வி.பி.எஸ்' என்று இன்னொரு வால் இருந்தது. அந்த வாலை விண்டோஸ் வழக்கமாகவே மறைத்துவிடும். கிளிக் பண்ணினால் கடிதம் திறக்காது, புரோகிராம் ஓடும்.

அது செய்த முக்கிய வேலைகள் ரெண்டு. கம்ப்யூட்டரில் இருந்த போட்டோ ஃபைல்களை அழித்து, அந்த இடத்தில் தன்னையே எழுதிக்கொண்டது. அடுத்து, அவுட்லுக் அட்ரஸ் புக்கில் இருந்த எல்லோருக்கும் தன் நகலை அனுப்பியது. ஒருத்தர் கிளிக் பண்ணினா, அவருக்குத் தெரிஞ்ச அத்தனை பேருக்கும் 'காதல் கடிதம்'. பிரிட்டிஷ் பாராளுமன்றமே இமெயிலை நிறுத்தி வைக்க வேண்டியதாகிவிட்டது. இப்படித் தன்னைத்தானே நகலெடுத்துப் பரவுவதைத்தான் 'வார்ம்' என்கிறார்கள்.

இதை எழுதிய மாணவர் மீதான வழக்கு நிற்கவில்லை. காரணம், அன்றைக்கு பிலிப்பைன்ஸில் அதற்கேற்ற சட்டமே இல்லை. நம் ஊரிலும் ஐ.டி சட்டம் அமலுக்கு வந்தது அதே வருஷம் அக்டோபர் 17-ல்தான்.

யோசிச்சுப் பாருங்க. அந்த வார்ம் எந்தப் பூட்டையும் உடைக்கலை. தெரிஞ்சவர் பெயரைப் பார்த்ததும் நாமே கதவைத் திறந்துவிட்டோம். இப்போதும் அதேதான். ஏ.பி.கே-யை இன்ஸ்டால் செய்ததும் எஸ்.எம்.எஸ் படிக்க அனுமதி கேட்கும். 'அலவ்' கொடுத்தால், பேங்க் அனுப்பும் ஓ.டி.பி நேரே திருடர்கள் கைக்குப் போகும். வாட்ஸ்அப்பும் அவர்கள் வசமானால், அடுத்த 'பத்திரிகை' உங்கள் பெயரில் போகும். 2025-ல் பிரேசிலில் பரவிய ஒரு வார்ம் இதையும் தாண்டியது. கம்ப்யூட்டரில் திறந்திருந்த வாட்ஸ்அப் வெப் வழியாக, எல்லா கான்டாக்ட்டுக்கும் தானாகவே ஜிப் ஃபைலை அனுப்பியது.

சரி, என்ன பண்ணலாம்?

* பத்திரிகைனா போட்டோவாகவோ, பி.டி.எஃப் ஆகவோ, வீடியோவாகவோ வரும். '.ஏ.பி.கே'னு இருந்தா தொடாதீங்க.

* 'தெரியாத இடத்திலிருந்து இன்ஸ்டால் செய்யவா?'னு போன் கேட்கும். அதுதான் கடைசி பிரேக். அங்கேயே நிறுத்திடுங்க.

* செட்டிங்ஸ்ல 'இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ்' பகுதிக்குப் போய், வாட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் அனுமதி இல்லைனு மாத்துங்க. வாட்ஸ்அப்பில் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போடுங்க. அம்மா, அப்பா போன்லயும்தான்.

* ஐபோன்ல ஏ.பி.கே ஓடாது. அதுக்காக மத்தவங்களுக்கு ஃபார்வர்டு பண்ணிடாதீங்க.

ஏற்கெனவே தட்டிட்டீங்களா? உடனே நெட்டை ஆஃப் பண்ணுங்க. வேற போன்ல இருந்து பேங்க்கைக் கூப்பிட்டு அக்கவுன்ட்டை முடக்கச் சொல்லுங்க. பணம் போயிருந்தா 1930-க்கு போன் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணத்தைப் பாதியில் மடக்க அவ்வளவு வாய்ப்பு. 'லிங்க்டு டிவைசஸ்'ல தெரியாத கருவி இருந்தா லாக்-அவுட் பண்ணிடுங்க.

அதோட, குரூப்ல சொல்லுங்க. 'ஐ.டி-ல வேலை பாக்குற நானே ஏமாந்துட்டேனே'னு வெட்கப்பட்டுச் சும்மா இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் உங்க பெயர்ல இன்னொருத்தர் தட்டிக்கிட்டிருப்பார். 'என் நம்பர்ல இருந்து வந்த ஃபைலைத் திறக்காதீங்க'ங்கிற ஒரு வரி போதும், சங்கிலி அங்கேயே அறுந்துடும்.

மூணாவது மாடி அங்கிளுக்கும் ஒரு போன் போட்டுடுங்க. நிஜமாவே கல்யாணம்னா, அவரே சந்தோஷமா தேதி சொல்லுவார்!