ஒரே மதம் இருந்தால் போதுமா?



"நாட்டில் எல்லாரும் ஒரே மதமாக இருந்தால் சண்டையே வராது" என்று நம் குடும்பக் குழுவில் ஒரு தம்பி எழுதியிருந்தான். 35 வருடம் வரலாறு நடத்தியவனுக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

பாகிஸ்தானைப் பாருங்கள். மதத்தின் பெயரால் 1947இல் பிறந்த நாடு. மறு வருடமே ஜின்னா டாக்காவுக்குப் போய், உருது மட்டும்தான் அரசு மொழி என்றார். மக்களில் பாதிக்கு மேல் வங்காளம் பேசியவர்கள்! அவர்களும் முஸ்லிம்கள்தானே? 1952 பிப்ரவரி 21இல், தாய்மொழிக்கு உரிமை கேட்ட மாணவர்களைச் சுட்டார்கள். 1970 தேர்தலில் ஜெயித்த முஜிபுர் ரகுமான் கட்சிக்கு ஆட்சியைக் கொடுக்காமல் ராணுவத்தை ஏவினார்கள். 1971இல் நாடு உடைந்தது.

சரி, ஜெயித்த மொழித் தேசியமாவது பாடம் படித்ததா? 1972 அரசியல் சட்டத்தில் குடிமக்கள் எல்லாரும் வங்காளிகள் என்று எழுதினார்கள். மலையில் வாழும் சக்மா மக்களின் பிரதிநிதி மானபேந்திர லார்மா சபையிலேயே எதிர்த்தார். யார் கேட்டார்கள்? 1988இல் இஸ்லாமும் அரசு மதமானது.

தம்பி, ஒரே சாமியைக் கும்பிட்டாலும், பங்கு நியாயமாக இல்லாத வீட்டில் அண்ணன் தம்பி பிரியத்தான் செய்வார்கள். நாடும் அப்படித்தான். இனி வரலாற்றைப் படித்துவிட்டு எழுது.