பந்து இல்லாத பக்கம்

டென்னிஸ் பார்ப்பேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். "ஃபெடரரா, நடாலா?" ஜூனியர் பசங்க என்றால் "அல்கராஸா, சின்னரா?". நான் "போபண்ணா" என்பேன். ஒரு சின்ன மௌனம். பிறகு, "ஓ, டபுள்ஸா..." என்பார்கள். அந்த மூன்று புள்ளிகளுக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2024 ஜனவரி 27, சனிக்கிழமை. மெல்போர்னில் ஆஸ்திரேலிய ஓபன் ஆண்கள் இரட்டையர் இறுதிப் போட்டி. ஒரு பக்கம் ரோஹன் போபண்ணா, மேத்யூ எப்டன். எதிரே இத்தாலியின் சிமோனே பொலெல்லி, ஆண்ட்ரியா வாவசோரி. எங்கள் விடுதி டிவி அறையில் ஹைதராபாத் டெஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் ஓலி போப் அன்றைக்குப் பார்த்து ஆட்டம் இழக்கவே மாட்டேன் என்று நின்றுகொண்டிருந்தார். ரிமோட்டைக் கேட்டேன். கேட்டது தப்பு. அறைக்குப் போய் செல்பேசியில், நெட் வெட்டி வெட்டி வர, தனியாகத்தான் பார்த்தேன்.

சரி, அதில் பார்க்க என்ன இருக்கிறது?

ஒற்றையர் ஆட்டத்தில் கண் பந்தோடு போய்விட்டு வந்தால் போதும். டபுள்ஸை அப்படிப் பார்த்தால் ஒன்றும் புரியாது. நாலு அடி, அஞ்சு அடி, முடிந்தது என்றுதான் தோன்றும். பார்க்க வேண்டியது பந்தை அடிக்காத ஆளை. சர்வ் போடுபவரின் கூட்டாளி வலைக்குப் பக்கத்தில் நிற்கிறாரே, அவரை. சர்வுக்கு முன் முதுகுக்குப் பின்னால் கையை வைத்து விரல்களால் ஏதோ சொல்வார். சர்வ் எந்தப் பக்கம் விழ வேண்டும், அது விழுந்ததும் தான் குறுக்கே பாயப் போகிறேனா, நின்ற இடத்திலேயே நிற்பேனா என்பதுதான் செய்தி. இது ஜோடிக்கு ஜோடி மாறும். சில சமயம் கோர்ட்டின் நடுக்கோட்டருகே தவளை மாதிரி குந்திக்கொள்வார். எழுந்து எந்தப் பக்கம் ஓடுவார் என்று எதிராளிக்குத் தெரியாது. ரிட்டர்ன் அடிப்பவர் மணிக்கு 200 கிலோமீட்டரில் வரும் பந்தையும் பார்க்க வேண்டும், இந்தத் தவளையையும் பார்க்க வேண்டும். ஒரு கணம் தவளையைப் பார்த்தால் பந்து போச்சு.

இன்னொன்று, அவர் பாயாமலே பாயிண்ட் ஜெயிக்கலாம். தோளை மட்டும் லேசாக அசைப்பார். எதிராளி பயந்து ஓரமாக அடிப்பான், பந்து வெளியே போகும். ஸ்கோர் அட்டையில் அது எதிராளியின் தவறு என்றுதான் பதிவாகும். தோளை அசைத்தவருக்கு எந்தக் கணக்கிலும் வரவு கிடையாது. எனக்கு டபுள்ஸ் பிடித்துப்போனதே இந்த அநியாயத்தால்தான் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு முதல் செட் 6-6 வரை போனது. டை-பிரேக் 7-0. ஆமாம், பூஜ்யம். அவ்வளவு நேரம் சரிசமமாக இழுத்தவர்கள் திடீரென்று ஒரு பாயிண்ட்கூட எடுக்கவில்லை. நான் கட்டிலில் இருந்து எழுந்து நின்றுவிட்டேன். உட்கார்ந்தால் ராசி போய்விடும் என்று இரண்டாவது செட் முழுக்க நின்றபடியே பார்த்தேன் (நான் பொறியியல் மாணவன், அறிவியல் மனப்பான்மை எல்லாம் தேர்வுத்தாளில் மட்டும்). 5-5க்குப் பிறகு இத்தாலிக்காரர்களின் சர்வ் உடைந்தது. 7-5. முடிந்தது.

43 வயதில் போபண்ணாவுக்கு அதுதான் முதல் ஆண்கள் இரட்டையர் கிராண்ட்ஸ்லாம். ஓபன் யுகத்தில் அந்த வயதில் அதை வென்ற ஆண் வேறு யாரும் இல்லை. அடுத்த திங்கட்கிழமை உலகின் நம்பர் 1, அதிலும் அதுவரை இல்லாத மூத்த நம்பர் 1. 2010 அமெரிக்க ஓபன் இறுதியில் பாகிஸ்தானின் குரேஷியோடு சேர்ந்து பிரையன் சகோதரர்களிடம் இரண்டு டை-பிரேக்கில் தோற்றவர். 2023இல் அதே இறுதியில் முதல் செட்டை 6-2 என்று எடுத்துவிட்டுத் தோற்றவர். நடுவில் முழங்கால் தேய்ந்து, யோகாசனம் செய்து நடமாடியவர். 2021இல் மாதக்கணக்கில் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல், விட்டுவிடலாமா என்று யோசித்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

"ஒற்றையரில் தேறாதவர்கள்தானே டபுள்ஸ் ஆடுவார்கள்?" என்பது என் அறைத்தோழனின் வாதம். உண்மை பாதி இருக்கிறது. போபண்ணா ஒற்றையரில் முதல் 200க்குள் வந்ததே இல்லை. ஆனால் மிருதங்கம் வாசிப்பவரைப் பார்த்து, பாட வராததால்தான் இதற்கு வந்தீர்களா என்று கேட்போமா? 1966 டேவிஸ் கோப்பை இறுதியில், இதே மெல்போர்னில், இந்தியா 4-1 என்று தோற்றது. கிடைத்த அந்த ஒன்று டபுள்ஸ். நம் ராமநாதன் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும், முந்தைய வருட விம்பிள்டன் சாம்பியன்களான நியூகம்ப், ரோச் ஜோடியைத் தோற்கடித்தார்கள். கிருஷ்ணன் ஒற்றையரில் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர். அவரை என்ன கணக்கில் சேர்ப்பான்?

என் உண்மையான கோபம் அறைத்தோழன் மேல் இல்லை. டபுள்ஸை நடத்துபவர்களே அதைச் சாப்பாட்டுக்குப் பின் வரும் பீடா மாதிரி நடத்துகிறார்கள். அந்த மெல்போர்னில் ஒற்றையர் சாம்பியனுக்கு 31.5 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். டபுள்ஸ் ஜோடிக்கு 7.3 லட்சம், அதையும் இரண்டாகப் பிரிக்க வேண்டும். 2006இலிருந்து சாதாரணத் தொடர்களில் 40-40 என்றால் ஒரே பாயிண்ட், மூன்றாவது செட்டுக்குப் பதில் பத்துப் பாயிண்ட் டை-பிரேக். சீக்கிரம் முடியுங்கள், அடுத்த ஆட்டம் இருக்கிறது, அவ்வளவுதான். உச்சமாக 2025 அமெரிக்க ஓபன் கலப்பு இரட்டையர். பதினாறே ஜோடி, ஒற்றையர் ஆட்டங்கள் தொடங்கும் முன்பே இரண்டு நாளில் காலி, இறுதிக்கு முன்புவரை செட்டுக்கு நான்கே கேம். பெரும்பாலோர் ஒற்றையர் நட்சத்திரங்கள். முதல் பரிசு 10 லட்சம் டாலர்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கூட்டம் அள்ளியது. கலப்பு இரட்டையருக்கு அப்படி ஒரு கூட்டம் நான் பார்த்ததில்லை. காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆடுவதைவிட இது மேல் என்று ஒருவர் சொன்னால் என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் ஜெயித்தது யார்? சாரா எர்ரானியும் ஆண்ட்ரியா வாவசோரியும். முந்தைய ஆண்டு சாம்பியன்கள் என்பதால் இடம் கிடைத்தவர்கள். இறுதியில் ஷ்வியான்டெக், ரூட் ஜோடியை 6-3, 5-7, 10-6 என்று முடித்தார்கள். வாவசோரி யாரென்று ஞாபகம் இருக்கிறதா? மெல்போர்னில் போபண்ணாவுக்கு எதிரே நின்ற அதே ஆள். அன்று அவர் தோற்றபோது குதித்தவன், இன்று அவருக்காகக் கத்தினேன்.

போபண்ணா 2025 நவம்பரில் ஓய்வை அறிவித்துவிட்டார். கடைசி ஆட்டம் பாரிஸில், கஜகஸ்தானின் பூப்ளிக்கோடு. எப்டனோடு 2024 முடிவிலேயே பிரிந்தாயிற்று. டபுள்ஸ் ரசிகனுக்கு இது ஒரு தலைவலி. நாம் ஒரு ஜோடியைக் கொண்டாடி முடிப்பதற்குள் அவர்கள் வேறு வேறு ஆளோடு ஆடிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது யூகி பாம்ப்ரியைப் பின்தொடர்கிறேன். 2025 அமெரிக்க ஓபனில் நியூசிலாந்தின் மைக்கேல் வீனஸோடு அரையிறுதி வரை வந்தார். அன்றைக்கு அறைத்தோழனும் வேறு வழியில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மூன்று செட் போய்த் தோற்றார்கள். நடுவில் ஒரு பாயிண்டில் அவன் திடீரென்று திரையில் விரலை வைத்து, "டேய், இந்த ஆள் ஏன்டா நகரவே இல்ல?" என்றான்.

விரல் இருந்தது பந்து இல்லாத பக்கத்தில்.