பொன்னாடை போர்த்தினால் சங்கம் வளராது

சம்பளத்துக்குச் சங்கம் என்றால் நம் ஆசிரியர்களிடம் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. அகவிலைப்படியில் கை வைத்தால் போதும், மறுநாள் பந்தல் போட்டுவிடுவார்கள். பாடத்துக்கு ஒரு சங்கம் உண்டா என்று கேட்டால்தான் தலையைச் சொறிகிறார்கள். தூத்துக்குடிப் பக்கம் எனக்குத் தெரிந்த சமூக அறிவியல் ஆசிரியர்கள் கைப்பேசியில் ஒரு வாட்ஸ்அப் குழுவைக் காட்டுகிறார்கள். அரையாண்டுத் தேர்வு வந்தால் “கீ ஆன்சர் இருந்தா போடுங்க சார்” என்று குழு பரபரக்கிறது. மற்ற நாட்களில் காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும்தான்.

சமூக அறிவியலுக்குச் சங்கம் மற்ற பாடங்களைவிட அதிகம் தேவை. ஒரே புத்தகத்துக்குள் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என நான்கு இருக்கின்றன. நடத்துகிறவர் பட்டம் வாங்கியதோ பெரும்பாலும் ஒன்றில்தான். கொற்கை பாண்டியரின் துறைமுகம் என்று வரலாறு படித்தவர் சொல்லிவிடுவார். பையன் எழுந்து, “கடலே இல்லாத ஊர்ல எப்படி சார் துறைமுகம்?” என்று கேட்டால், பக்கத்து வகுப்புப் புவியியல்காரர் வந்தாக வேண்டும். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய மண்ணால் கடல் கிழக்கே ஒதுங்கியதையும், கொற்கையின் வணிகம் காயலுக்குப் போனதையும் அவர் வரைபடம் போட்டுக் காட்டுவார். அவருக்கும் ஓர் இடத்தில் துணை வேண்டும். கடலடியில் முத்துச் சிப்பி விளையும் பார்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தவருக்கு, அந்தப் பார்களுக்காக நடந்த சண்டையில் 1530-களில் பரதவர்கள் போர்ச்சுகீசியரின் துணையை நாடியதையும், இந்தக் கரை கத்தோலிக்கக் கரையானதையும் வரலாற்றுக்காரர்தான் விளக்க வேண்டும்.

இதற்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் சமூக அறிவியல் ஆசிரியர்கள் 1921-ல் தொடங்கிய தேசியக் கழகம் இன்றும் நடக்கிறது. நம் பக்கத்தில் 1926-ல் மதராஸ் புவியியல் சங்கம் பிறந்தது. சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியின் என். சுப்பிரமணியம் அதற்கு முன்னின்றவர். உடனே இதழும் தொடங்கினார்கள். சங்கம் பின்னர் இந்தியப் புவியியல் கழகமாகி, சென்னைப் பல்கலைக்கழகப் புவியியல் துறையோடு இணைந்து நூறாண்டைத் தொட்டுவிட்டது. சாதனைதான். ஆனால் வளர வளர அது பேராசிரியர்களின் கழகமாகிவிட்டது. சங்கம் நிலைத்தது, பள்ளிக்கூட வாத்தியார் வெளியே நின்றுவிட்டார்.

கணக்கு ஆசிரியர்கள் கெட்டிக்காரர்கள். பி.கே. சீனிவாசன் போன்ற பள்ளி ஆசிரியர்களின் முனைப்பில் 1965-ல் சென்னையில் உருவான இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் மாணவர்களுக்குத் திறனறிப் போட்டி நடத்துகிறது. வினா தயாரிக்க வேண்டும், தேர்வு நடத்த வேண்டும், தாள் திருத்த வேண்டும். ஆண்டுதோறும் வேலை வந்து கதவைத் தட்டும். புது ஆளைச் சேர்க்காமல் அது முடியாது.

மற்ற இடங்களில் நடப்பது வேறு. பத்து வருடம் ஒருவரே செயலாளர். அவர் ஓய்வு பெறும்போது மினிட் புத்தகமும் ரப்பர் ஸ்டாம்பும் ரசீதுக் கட்டும் மஞ்சள் பையில் அவர் வீட்டுக்குப் போய்விடும். இளைய ஆசிரியருக்குக் கொடுத்த பொறுப்பெல்லாம் நாற்காலி எடுத்துப் போடுவதும் பொன்னாடை வாங்கி வருவதும்தான். இடமாறுதல் கலந்தாய்வில் அவருக்கு வேறு மாவட்டம் கிடைத்துப் போனால், போனதுகூட யாருக்கும் தெரியாது.

சங்கம் நிலைக்க என்ன வேண்டும் என்பதற்கு இந்தக் கடலே பாடம். முத்துக்குளிப்பு இங்கே வருடாவருடம் நடந்த தொழில் அல்ல. சிப்பி விளையாத வருடங்களே அதிகம். ஆனால் குளிப்பு இல்லாத காலத்திலும் கடலுக்குப் போய்ப் பார்களைச் சோதிப்பார்கள். ஆள் இறங்கிச் சிப்பி எடுப்பார். எவ்வளவு இருக்கிறது, என்ன வயது என்று எழுதி வைப்பார்கள். விளைச்சல் வந்தால் கண்டுகொள்ள அந்தப் பதிவுதான் வழி. 1955-ல் தொடங்கிய கடைசிக் குளிப்பு 1961 வரை தொடர்ந்தது. ஆசிரியர் சங்கத்துக்கும் கூட்டம் சேராத வருடங்கள் வரும். அப்போதும் நிற்காத ஒரு வேலை இருந்தால் சங்கம் பிழைத்துக்கொள்ளும்.

எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவு, வாக்காளர் பட்டியல், பயிற்சி வகுப்பு என்று ஏற்கெனவே முதுகொடிகிறது, இதில் இது வேறா என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயம்தான். அதனால் வேலை சிறியதாகவும், மறுநாள் வகுப்புக்கு உதவுவதாகவும் இருக்க வேண்டும். என் யோசனை, ஆண்டுக்கு ஓர் ஊர். ஒரு வருடம் கொற்கை, அடுத்தது ஆதிச்சநல்லூர், பிறகு புன்னைக்காயல், மணப்பாடு, துறைமுகம், உப்பளம். ஓய்வு பெற்ற ஒருவர், வரலாறு படித்த ஒருவர், புவியியல் படித்த ஒருவர் என மூவர் போய்ப் பார்த்து, பதினாறு பக்கத்தில் வகுப்புக்கான குறிப்பு எழுதட்டும். வ.உ.சி. 1906-ல் கப்பல் கம்பெனி தொடங்கினார் என்பதைப் புத்தகமே சொல்கிறது. 1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர் அவர்களோடு நின்ற ஊர் இது என்று மாணவரைத் தெருவில் நிறுத்திக் காட்ட, உள்ளூர்க் குறிப்பு ஒன்று வேண்டும்.

இரண்டே விதி போதும். மூவரும் சேர்ந்து பார்த்தாலும், குறிப்பை எழுதுகிறவர் நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும். செயலாளர் மூன்று வருடத்துக்கு மேல் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. தலைவர் யார் என்பதைச் சாவகாசமாகப் பேசிக்கொள்ளலாம். வரும் கோடை விடுமுறையில் கொற்கைக்குப் போகப்போகும் மூவர் யார் யார் என்பதை முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.